பச்சை டிக்

போட்டோ ஸ்டூடியோக்காரர், யார் பென்டிரைவைக் கொடுத்தாலும் யோசிக்காமல் செருகுவார். படங்களின் நகல் இருந்த ஹார்ட் டிஸ்க்கையும் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றவே மாட்டார். "கழட்டி அலமாரியில வைங்க" என்று சொல்லிச் சொல்லி மனைவிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"ஆன்டிவைரஸ் எதுக்கு இருக்கு? பச்சை டிக் தெரியுதுல்ல?" என்பார்.

ஒரு வாடிக்கையாளரின் பென்டிரைவில் வந்த புது வைரஸ், பதினெட்டு வருடப் படங்களை நகலோடு சேர்த்துத் திறக்க முடியாதபடி பூட்டிவிட்டது. ஆன்டிவைரஸ் மூச்சுவிடவில்லை. பச்சை டிக் மட்டும் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் எதிர்வீட்டுப் பெண் அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். "அண்ணே, பாப்பா போயிட்டா. போன மாசம் எடுத்தீங்களே, அதைப் பெருசாக்கிக் குடுங்க. அவ சிரிச்ச படம் அது ஒண்ணுதான்."

அந்தக் குழந்தையைச் சிரிக்கவைக்கத் தான் பட்ட பாடு அவருக்கு நினைவிருந்தது. சிரிப்புதான் நினைவில் இல்லை.