பூங்காவனம் சாத்திய கதவு

பூங்காவனம் ஆம்பளையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாளாம்! சொன்ன வாய் யாருடையது என்று தெரியும். பக்கத்து அறைக் கமலவேணியின் வாய். பலகைச் சுவரில் காதை ஒட்டிவைத்துக் கேட்டவளுக்கே முழுசாகத் தெரியாது. பித்து என்கிறார்கள், பேய் என்கிறார்கள். ஒன்றும் கிடையாது. நடந்தது இதுதான், வேறு யார் வந்து மாற்றிச் சொன்னாலும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

பூங்காவனம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணமான மறுவருஷமே அவள் புருஷன் ராஜரத்தினத்தை, சயாமில் ரயில் பாதை போட வேண்டுமென்று ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப் போனான். போனவன் திரும்பவில்லை. செத்தான் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை. பதினைந்து வருஷம் அவள் பொட்டை அழிக்கவும் இல்லை, மனசாரப் பூ வைக்கவும் இல்லை. பிழைப்பைத் தேடி மலாக்கா டவுனுக்கு வந்தாள். கஜா பேராங்கில் சாரதாம்பாள் வீட்டில் ஓர் அறை பிடித்துக்கொண்டு, ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டுக்கு ஆயா வேலைக்குப் போனாள்.

அங்கேதான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது. ஸ்ட்ரேஞ்ச். ரம்புத்தான் பழத்தின் மயிர்த்தோலைத் தொட்டுப் பார்த்து, துரையின் மனைவி மேம் சொன்னாள். ஊர் பேர் தெரியாத ஒருவன் வாசல் கேட் அருகே வந்து நின்றபோதும் அதையே சொன்னாள். அப்போது குரலில் பயம் இருந்தது. நாள் முழுக்க வீறிட்ட குழந்தை பூங்காவனத்தின் தோளில் சாய்ந்ததும் அடங்கிப் போனதே, அதற்கும் அதுதான். ஒருநாள் நல்ல மழை. சீமையிலிருந்து வந்த கடிதத்தை மடியில் போட்டுக்கொண்டு, வெளியே பார்த்தபடி, யாருக்கென்று இல்லாமல் மெதுவாகச் சொன்னாள். சாமி சன்னதியில் பேசுகிற குரல்.

பூங்காவனம் மலைத்துப் போனாள். நாம் புதுசு என்போம், அந்நியம் என்போம், அதிசயம் என்போம். இவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றே போதுமா? அன்று சாயங்காலமே கமலவேணியிடம் போய்ச் சொன்னாள்.

"அதுக்கு நம்ம ஊர்ல 'ஒரு மாதிரி'ன்னு பேரு," என்றாள் கமலவேணி. "உன்னைத்தான் சொல்லுது, இந்த லோரோங்குச் சந்து சனமே!"

"சொல்லட்டும்டி. எந்தக் குரல்ல சொல்றாங்கன்னு பாத்துக்கறேன்."

துரை வீட்டுச் சமையற்காரி கோகிலா, மலாக்காச் செட்டிகள் குடியிருக்கும் கம்போங் செட்டியைச் சேர்ந்தவள். பேர் நம் பேர், சாமி நம் சாமி, பேச்சு மட்டும் மலாய். அவர்கள் வீடுகளில் போகியன்று செத்தவர்களுக்குப் படைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். பராச்சு என்று அதற்குப் பெயர். வந்தவர்கள் கூச்சப்படாமல் சாப்பிட வேண்டுமாம்.

"செத்தானா இருக்கானான்னே தெரியாதவனுக்கு வைக்கலாமா?" என்று பூங்காவனம் மலாயில் கேட்டாள்.

கோகிலா அம்மியில் அரைப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். இருந்தால் வரமாட்டான், இல்லாவிட்டால் பசியோடு வருவான், கதவைத் திறக்கும்போது உனக்கே தெரிந்துவிடும் என்றாள். ஊதுபத்தி எரிந்து முடியும் வரைக்கும் "ஜாஙான் புக்கா", திறந்துவிடாதே என்று இரண்டு தரம் சொன்னாள். பாதியில் திறந்தால் வந்தவர் அரைவயிற்றோடு எழுந்து போய்விடுவாராம்.

நாட்டுக்கு மெர்டேக்கா, சுதந்திரம் கிடைத்த பிறகு வந்த முதல் போகி அது. நடுப்பகலில் பூங்காவனம் இலை போட்டாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, அவனுக்குப் பிடித்த பூசணிக்காய்ப் பொரியல். கதவைச் சாத்தி, நிலையில் ஊதுபத்தியைச் செருகிவிட்டு, வெயிலில் கைகூப்பி நின்றாள்.

அடுத்த அறையில் இருந்த கமலவேணிக்குக் குழம்பு வாசனை வந்தது. பலகை கிறீச்சிடும் சத்தமும் கேட்டதாம். அவள் ஓடிப்போய்ச் சாரதாம்பாளை இழுத்து வந்தாள்.

"உள்ள யாருடி?"

"என் வீட்டுக்காரரு."

"என்னது?"

"சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு, அக்கா. கொஞ்சம் சத்தம் போடாதீங்க."

சாரதாம்பாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "மானமா குடித்தனம் பண்ற வீடு இது. கதவைத் திற. இல்லன்னா இன்னிக்கே பொட்டியைக் கட்டு."

பூங்காவனம் ஊதுபத்தியைப் பார்த்தாள். இன்னும் விரற்கடை அளவு பாக்கி. பதினைந்து வருஷம் கழித்து ஒரு வேளைச் சோறு.

"பொட்டியைக் கட்டிக்கறேன், அக்கா. கதவு இப்பத் திறக்காது."

சாரதாம்பாள் கையை நீட்டினாள். பூங்காவனம் கதவில் முதுகைக் கொடுத்து நின்றுவிட்டாள். நெருப்பு நிலைக்கட்டை வரை இறங்கி, கடைசிச் சாம்பல் உதிர்ந்தது. அப்புறம்தான் அவள் திரும்பித் தாழை எடுத்தாள்.

உள்ளே யாரும் இல்லை. சோறு போட்டது போட்டபடி இருந்தது. விளக்கு அசையாமல் நின்றது. ஆனாலும், பதினைந்து வருஷமாக அவள் போன இடமெல்லாம் கூடவே வந்த வெறுமையை அன்று அந்த அறையில் காணோம். ஒருவர் சாப்பிட்டு முடித்து, இப்போதுதான் எழுந்து போன இடம் போல அது நிறைந்திருந்தது. அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்த கமலவேணிக்கே கை தானாகக் குவிந்தது.

"ஒரு மாதிரி இருக்குடி..." என்றாள். மேம் மழையைப் பார்த்துச் சொன்ன அதே குரல்.

பூங்காவனம் அழவில்லை. முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். இலையை நறுவிசாக மடித்தாள். துணிகளைப் பெட்டியில் வைத்தாள்.

"அடியே, நான் கோவத்துல சொன்னேன். இருந்துக்கோ," என்றாள் சாரதாம்பாள், குரல் உள்ளே போயிருந்தது.

"கோகிலா வீட்டுப் பின்கட்டு சும்மாதான் கிடக்கு, அக்கா. பொட்டியைக் கட்டறேன்னு வாக்குக் குடுத்துத்தானே கதவைக் காத்தேன்."

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவைச் சாத்தவில்லை. இனி அவள் யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.