இட்லிக்காரர் கழுத்துவலியும் துறைத்தலைவர் பெயரும்

மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறை என்று சொன்னால், செம்பூரில் எங்கள் கட்டடத்து ஆட்கள், "அப்போ ஊசி போட மாட்டீங்களா?" என்று கேட்பார்கள். மாட்டேன். நான் கேள்வி கேட்கிற டாக்டர். வீடுவீடாகப் போய் எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அதைக் கட்டுரையாக்கி, மருத்துவ ஆய்விதழ்களுக்கு அனுப்பி, அவர்கள் வேண்டாம் என்றதும் சொந்த வலியைக் கவனிக்கிற டாக்டர்.

இணைப் பேராசிரியராக உயர எனக்கு ஒரே ஒரு கட்டுரை குறைந்தது. மழைக்காலம் முடிந்ததும் நேர்காணல். அதற்குள் ஏதாவது ஓர் ஆய்விதழ் என்னை ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால், எனக்குப் பின்னால் சேர்ந்தவர் எனக்கு மேலே போய் உட்கார்ந்து என் லீவு லெட்டரில் கையெழுத்துப் போடுவார்.

தாராவியிலிருந்து இட்லி விற்கப் போகிறவர்களின் கழுத்துவலி, இதுதான் என் ஆய்வு. நான் பிறந்து வளர்ந்ததே தாராவி என்பதால் அலைச்சல் குறைவு. எழுதுவதும் சுலபமாகத்தான் முடிந்தது. கட்டுரையாசிரியர்கள் யார் யார் என்று பெயர் போடுகிற இடத்தில்தான் எனக்குள் இருந்த பூர்வீகத் திருநெல்வேலிக்காரன் எழுந்து உட்கார்ந்தான்.

எங்கள் ஆட்கள் கல்யாண அழைப்பிதழ் அடிக்கும்போது பெண், மாப்பிள்ளை பெயரைவிட மற்ற பெயர்களுக்குத்தான் கவலைப்படுவார்கள். என் தங்கை கல்யாணத்தில் ஒரு மாமாவின் பெயர் விட்டுப்போனது. மனிதர் சர்ச்சுக்கு வந்தார், ஜெபித்தார், பிரியாணி வாசனை வந்ததும் எழுந்து போய்விட்டார். இன்றுவரை பேச்சில்லை. அதனால் முதலில் என் பெயர், அடுத்து புள்ளிவிவரக் கணக்குப் போட்டுக் கொடுத்த அணுசக்தி நகர் நண்பன், கடைசியில் எங்கள் துறைத்தலைவர். அவரிடம் கேட்கவில்லை. எங்கள் துறையில் யாரும் கேட்பதில்லை. பெரியப்பாவிடம் போய், "அழைப்பிதழில் உங்கள் பெயரைப் போடலாமா?" என்று எவனாவது கேட்பானா? கேட்டால் அதுவே அவமானம்.

ஆய்விதழின் இணையதளம் விடவில்லை. ஒவ்வொருவரும் என்ன பங்களித்தார்கள் என்று கேட்டது. துறைத்தலைவருக்கு நேரே 'மேற்பார்வை' என்று போட்டேன். அவர் அறை மாடியில், என் அறை கீழே. அந்த வகையில் பொய்யில்லை.

சில வாரங்களில் மதிப்பீட்டாளர்களின் கருத்துகள் வந்தன. ஒருவர், இட்லி என்றால் என்ன என்று விளக்கச் சொல்லியிருந்தார். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அரிசியும் உளுந்தும்னு எழுதுங்க. சாருக்குச் சட்னி வேணுமான்னும் கேட்டுருங்க."

சட்னியை விட்டுவிட்டு மற்றதை எழுதி அனுப்பினேன். கட்டுரை சரி, ஆசிரியர்கள் எல்லோரும் மின்னஞ்சலில் ஒப்புதல் தந்தால் ஏற்றுக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. அன்று வீட்டில் ஜிலேபி.

மறுநாள் காலை டீ நேரத்தில் துறைத்தலைவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார். மாட்டுங்காவில் தலைமுறைகளாக இருக்கிற குடும்பம். முந்தைய வருஷம் ஒரு போலி ஆய்விதழ் அவரை 'மாட்சிமை தங்கிய பேராசிரியரே' என்று அழைத்து, அவர் ஆசையாக எதையோ அமுக்கப்போய், ஒரு கால்நடை மருத்துவ இதழின் ஆசிரியர் குழுவில் உறுப்பினராகிவிட்டார். அதிலிருந்து எந்த மின்னஞ்சலையும் நம்புவதில்லை.

"இவாளோட தைரியத்தைப் பாருப்பா," என்றார். "எவனோ இட்லிக்காரா கழுத்துவலின்னு ஒரு பேப்பர் எழுதி, அதுல நானும் ஒரு ஆத்தர்னு போட்டுருக்கான். நீங்கதானா, ஆமா, இல்லைன்னு ரெண்டு பட்டன் வச்சு மெயில் வேற."

வடாபாவ் என் வாயிலேயே நின்றது. "நீங்க எதை அமுக்கினீங்க சார்?"

"இல்லைதான். அமுக்கிட்டு, என் பேரை எவனோ திருடறான், சும்மா விடாதீங்கோன்னு எடிட்டருக்குத் தனியா ஒரு மெயிலும் போட்டேன்."

"சார், அது நான்தான்."

"எது?"

"திருடன்."

"நம்ம டிபார்ட்மெண்ட் பேப்பரா? முன்னாடியே சொல்லப்படாதோ?"

ஆய்விதழ் கட்டுரையை நிறுத்திவைத்தது. இவர் கட்டுரையாசிரியர்தான் என்றால், கட்டுரையைப் படித்தேன், இன்னது செய்தேன் என்று அவரே தன் சொற்களில் எழுதித் தர வேண்டும்.

"நான் என்னப்பா பண்ணேன்?"

"மேற்பார்வை சார்."

"எதை?"

"பேரை எடுத்துடவா சார்?"

"ஏன், பேப்பர் நன்னா இல்லையா? கொண்டா, படிச்சுப் பாத்துட்டே எழுதித் தரேன்."

எங்கள் துறையில் இதுவரை நடக்காத காரியம் அது. சனி, ஞாயிறு முழுக்கப் படித்திருக்கிறார். திங்கட்கிழமை கட்டுரை சிவப்பு மையில் குளித்துவிட்டு வந்தது.

"வயசு கேட்டிருக்கே, எத்தனை வருஷமா விக்கறான்னு கேட்டிருக்கே, பாத்திரத்தோட எடையைக்கூடப் போட்டிருக்கே. அதைத் தலைல வச்சுண்டு போறானா, சைக்கிள்ல கட்டிண்டு போறானான்னு கேக்கலையே? எங்காத்துக்கு வர்றவன் சைக்கிள்லன்னா வரான்."

கழுத்துவலி ஆய்வு. எனக்குத் தோன்றவில்லை. கணக்குப் போட்ட நண்பனுக்குத் தோன்றவில்லை. இட்லி என்றால் என்ன என்று கேட்டவருக்கும் தோன்றவில்லை.

"இண்டர்வியூ வருது சார். இப்படியே அனுப்பிட்டு அப்புறமா..."

"தப்பான பேப்பர்ல என் பேரா?" என்றார், போன வாரம்வரை அப்படி ஒரு பேப்பர் இருப்பதே தெரியாதவர்.

மழையில் நனைந்துகொண்டு மறுபடி தாராவிக்குப் போனேன். முதல் வீட்டில் மாவுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"வாங்க டாக்டரு தம்பி. மறுபடியும் கழுத்தா?"

"ஒரே ஒரு கேள்விதான்க்கா. அண்ணன் பாத்திரத்தத் தலையில தூக்கிட்டுப் போறாவளா, சைக்கிள்லயா?"

"இதக் கேக்கவா இம்புட்டு மழையில வந்தீய? அன்னைக்கு வாசல்ல நின்ன சைக்கிள நீங்கதான நவுத்தி வச்சிட்டு உள்ள வந்தீய?"

ஒவ்வொரு வீடாகக் கேட்டு முடித்து, கணக்கை மறுபடி போட்டு, எழுதி அனுப்புவதற்குள் நேர்காணல் வந்துவிட்டது. குழுவில் எங்கள் துறைத்தலைவரும் இருந்தார். கட்டுரை ஏற்கப்பட்டதா என்று குழுத் தலைவர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் துறைத்தலைவர் பெருமையாகச் சொன்னார்: "இன்னும் இல்லை. இப்பதான் சரியா வந்துண்டிருக்கு."

இப்போது என் லீவு லெட்டரில் பின்னால் சேர்ந்தவர்தான் கையெழுத்துப் போடுகிறார். நல்ல கையெழுத்து.

கட்டுரையும் பிறகு வெளியானது. பழையதைவிட நன்றாகவே இருக்கிறது. சொல்ல வயிறு எரிந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். துறைத்தலைவர் தன் பங்களிப்பு என்று அரைப்பக்கம் எழுதித் தந்தார், ஒரு வரிகூடப் பொய்யில்லை. அறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கட்டுரையை எடுத்துக் காட்டுகிறார்.

வீட்டில் சொன்னேன். மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"பேரு போட்ட பெரியப்பா கல்யாணத்துக்கு வந்துட்டாரு. மாப்பிள்ளதான் வரல, என்னங்க?"

அடுத்த நேர்காணலுக்கு இன்னொரு கட்டுரை எழுதி முடித்து மேஜையில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை மாடி ஏறிப்போய், பெயரைப் போடலாமா என்று முறையாகக் கேட்கப்போகிறேன். கேட்டால் படித்துவிடுவாரே என்றுதான் இன்னும் கீழேயே இருக்கிறேன்.