ஏலக்காய் ஜப்பாரின் முகம் மலர்ந்த கதை

கம்பம்மெட்டில் ஏலக்காய் வாங்கி விற்கும் ஜப்பாருக்கு ஒரே ஒரு முகம்தான் உண்டு. ஆண்டவன் கொடுத்ததல்ல, யார் இல்லையென்று சொன்னாலும் சரி, அவராகச் செய்துகொண்டது. பச்சைப்பசேலென்று பருத்த காயை எந்தத் தோட்டக்காரர் கொண்டுவந்து கொட்டினாலும், ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோவார். உடனே செத்த எலியை மோந்தவர்போல் முகம் சுளிப்பார். கொண்டுவந்தவருக்குப் பாதி உயிர் போய்விடும்; விலை தானாக இறங்கிவிடும்.

அப்படிப்பட்ட மனுஷருக்கு, பேரன் பேத்தி எடுத்த வயதில் நாடகத்தில் நடிக்க ஆசை வந்தது. வராதா பின்னே? வாசகசாலை மேடைக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்தவர் அவர். கூரை போட்டவருக்கு அதன் கீழே ஒரு வேஷம் இல்லையென்று யார் சொல்வது? காணாமல்போன மகன் திரும்பி வந்ததும் பூரித்துப்போகும் தகப்பன் வேஷம் கொடுத்தார்கள்.

நாடகம் பழக்கிய மலையாள வாத்தியார் லிபின் மாஷ் முதல் நாளே தலையில் கைவைத்தார்.

"இக்கா, மோன் வந்திருக்கான். சந்தோஷத்தக் காட்டுங்க."

ஜப்பார் காட்டினார்.

"இதா சந்தோஷம்? பெத்த மகன மோந்து பாத்துட்டு, வேண்டாம், திருப்பிக் கொண்டுபோன்னு சொல்ற மாதிரியில்ல இருக்கு!"

வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகினார். மனைவி எட்டிப்பார்த்தாள்.

"அந்தக் கண்ணாடி என்னங்க பாவம் செஞ்சுச்சு? என்னயப் பொண்ணு பாக்க வந்தப்பவும் இதே மூஞ்சிதான். புடிக்கலையாக்கும்னு பயந்து எங்கத்தா நகையக் கூட்டிப் போட்டாரு."

ஜப்பார் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார்.

கடைசியில் லிபின் மாஷ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நாளைக்குள் முகம் மலராவிட்டால் வேஷம் தோட்டக்கார மணிகண்டனுக்கு. ஜப்பாருக்குப் பொறுக்குமா? தன்னிடம் காய் விற்கிறவன் தன் கூரையின் கீழ் நின்று கைதட்டு வாங்குவதா?

"உள்ளுக்குள்ள உங்களுக்கு எப்பத்தான் சந்தோஷம் வரும், இக்கா?" என்று கேட்டார் மாஷ்.

சுற்றிலும் பார்த்துவிட்டு ஜப்பார் குரலைத் தாழ்த்தினார். "நல்ல காய மோந்தா வரும். வெளிய சொல்லிறாதீங்க."

"அப்ப அத நெனச்சுக்கோங்க. அமுக்காம விடுங்க."

விட்டார். மேடையில் மகனைக் கட்டிப்பிடித்தபோது புருவம் ஏறி, மூக்கு விடைத்து, கண்ணில் நீர் தளும்பியது. பெண்கள் முந்தானையால் கண் துடைத்தார்கள். வேஷம் கிடைக்காத மணிகண்டன் மட்டும் முன்வரிசையில் அழாமல், அந்த முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அந்த வாரமே மூட்டையோடு வந்தான். ஜப்பார் ஒரு கை அள்ளி மோந்தார். சுளிக்கத்தான் பார்த்தார். பாழும் புருவம் ஏறியது. மூக்கு விடைத்தது.

"பாய், காணாமப்போன மகன் எங்காய்க்குள்ளதான் இருந்தானாக்கும்?" என்றான் மணிகண்டன். "பொறுமையா கொஞ்சுங்க. கொஞ்சி முடிச்சதும் வெலைய நான் சொல்றேன்."

பின்னால் மூட்டையோடு நின்ற தோட்டக்காரர்கள் ஜப்பாரின் முகத்தைப் பார்க்க முண்டியடித்தார்கள்.