அழகான பிறகு வந்த கிராணி

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் என் வீட்டுச் சுவர் வெடித்துக் கிடந்தது. ஆபீசில் பலமுறை சொல்லியும் பலனில்லை. கடைசியில் நானே பட்டி பூசினேன். அது காய்வதற்குள் சீப்பால் அலை அலையாக இழுத்து, மேலே பச்சைச் சாயத்தை ஸ்பாஞ்சால் ஒற்றினேன்.

மறுநாள் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி வந்தார்.

"லயம்னா வெள்ளைதான். அழிச்சிடு, இல்லன்னா வீட்டைக் காலி பண்ணு."

பயத்தில் வெள்ளைச் சாயத்தில் பிரஷ்ஷைத் தோய்த்தே விட்டேன். சுவரைப் பார்த்ததும் கை ஓடவில்லை. பிரஷ்ஷைக் கீழே வைத்தேன்.

"வெடிச்சுக் கெடந்தப்ப யாரும் வரல. அழகானதும் வர்றீங்களா ஐயா? அழிக்க மாட்டேன் லா."

அவர் திரும்பிப் போய்விட்டார். பக்கத்து வீட்டு லெட்சுமி, "அக்கா, எங்க சுவத்துக்கும் போட்டுத் தாங்க" என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

காலி பண்ணச் சொல்லி இன்னும் யாரும் வரவில்லை. வந்தாலும் பதில் அதேதான்: அழிக்க மாட்டேன். முப்பது வருடம் 'சரிங்க ஐயா' என்று மட்டுமே சொன்ன வாய் இது.