மலாக்காவில் புரட்டாசி பிறந்த நேரம்

"17 செப்டம்பர் 2023, ஞாயிறு. பிற்பகல் 1.30 மணிக்குப் புரட்டாசி பிறப்பு."

கிள்ளான் மளிகைக்கடையில் கொடுத்த நாட்காட்டியில் இருந்த வரி. தேதிகளைக் குறித்து வைப்பது என் பொழுதுபோக்கு. ஆனால் மலாக்காவுக்கு நாள் பார்த்தபோது இதைக் கவனிக்கவில்லை.

தங்கையின் கணவர், என் மச்சான், மறுநாள் வேலை மாற்றலாகி, கடல் தாண்டி சரவாக்கில் இருக்கும் மிரிக்குப் போகிறார். இரண்டு வருடம். போகுமுன் அவர் ஆசைப்பட்டது மலாக்காவின் கோழிச்சோற்று உருண்டைதான். புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டில் மாதம் முழுக்க சைவம்.

காலையில் சிவப்புக் கட்டடங்களைப் பார்த்துவிட்டு, குன்றின்மேல் கூரையில்லாத தேவாலயத்துக்கு ஏறினோம். பழைய கல்லறைக் கற்களில் ஆண்டுகளை வாசித்துக்கொண்டு நின்றேன்.

"மச்சான், செத்தவங்க எங்கயும் போகமாட்டாங்க. வாங்க லா, கியூ நீளமாயிடும்!" என்று தங்கையின் கணவர் என்னை அவசரப்படுத்தினார். அவருக்கும் நான் மச்சான்தான்.

கோழிச்சோற்றுக் கடையில் கியூ நீளமாகித்தான் இருந்தது. வெயிலில் நிற்கும்போது தங்கை கைப்பேசியில் அந்த நாட்காட்டியின் படத்தைக் காட்டினாள். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

"ஒன்றரைக்கு மாசம் பொறந்துடும். அதுக்கப்புறம் கோழி கிடையாது."

முன்னால் நின்றவர்களை எண்ணிப் பார்த்த மச்சானின் முகம் வாடிவிட்டது.

"பஞ்சாங்கம் இந்தியாவுலேருந்துதானே வருது," என்றேன். "இது இந்திய நேரமா இருந்தா, நமக்கு ரெண்டரை மணி நேரம் கழிச்சு, நாலு மணிக்குத்தான் பொறக்கும்."

"நெசமாவா அண்ணே, இல்ல அவருக்காகச் சொல்றீங்களா?"

"தெரியலம்மா."

தங்கை சற்று யோசித்தாள். "சரி, அவர் சாப்பிடட்டும். நாம வேணாம். சந்தேகத்துக்கு ஒரு ஆள் போதும்."

இரண்டு மணிக்குச் சற்றுமுன் இடம் கிடைத்தது. மச்சான் ஐந்து உருண்டைகளையும் அரைத் தட்டுக் கோழியையும் தலை நிமிராமல் சாப்பிட்டார். நானும் தங்கையும் எதிரில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாறு குடித்தோம். பிறகு மூவருமாகத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் ஊற்றிய ஐஸ் செண்டோல் சாப்பிட்டோம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

திரும்பும் வழியில், பள்ளிவாசலும் சீனக் கோயிலும் உள்ள தெருவில் பழைய பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். கோழி சாப்பிட்டவர் உள்ளே வரவில்லை. வாசலில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் நின்று, தெருவிலிருந்தே கும்பிட்டார். அவ்வளவு நிறைவான முகத்தோடு அவரை நான் கோயிலுக்குள்ளேகூடப் பார்த்ததில்லை.

ஊர் திரும்பியபின் நாட்காட்டி கொடுத்த மளிகைக்கடைக்காரரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. "விசாரிக்காதீங்க மச்சான், அப்படியே விட்டுடுங்க," என்று தங்கையின் கணவர் மிரியிலிருந்து சொல்கிறார். நாட்காட்டியில் இருந்தது இந்திய நேரமா மலேசிய நேரமா என்பது இன்னும் உறுதியாகவில்லை.