வறுத்து அனுப்பிய சாம்பிள்

எங்கள் மல்லாட்டைக்கும், அதாவது வேர்க்கடலைக்கும், செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இருக்கிறது. அதில் என் பங்கும் உண்டு. அறுபதுகளில் அங்கிருந்து எந்திரம் வரும், இங்கிருந்து மல்லாட்டைப் பருப்பு கப்பலேறும். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மில்லில் நான் டைப்பிஸ்ட். ஆபீசில் ஒரே பெண் என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஒரு வருடம் ஐப்பசியில் மில் தள்ளாடிக்கொண்டிருந்தது. செக் நாட்டு ஆர்டர் கிடைக்காவிட்டால், பருப்பு பொறுக்கும் பெண்களைப் பொங்கலோடு நிறுத்திவிடப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். ஆர்டருக்கு முன்னால் ஒரு பை சாம்பிள் அனுப்ப வேண்டும் என்று அவர்களுடைய ஏஜெண்ட் எழுதியிருந்தார். அதைச் சோதித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

அந்தப் பெண்களுக்கு மேஸ்திரி, திண்டிவனத்தை அடுத்த வல்லம் பக்கத்து அக்கா ஒருவர். பருப்பு கெடாமல் போய்ச் சேர வேண்டும், வாயில் போட்டால் ருசிக்கவும் வேண்டும் என்று அவரிடம் அதிகாரமாகச் சொன்னேன். ருசி என் சொந்தச் சரக்கு. ஏஜெண்டின் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது.

அக்கா இரண்டு நாள் உட்கார்ந்து ஒரே அளவுப் பருப்பாகப் பொறுக்கினார். வெளியே அடைமழை. பூஞ்சணம் பிடித்துவிடுமே என்று பயந்து, மணலில் பதமாக வறுத்து, உப்புத் தண்ணீர் தெளித்து, துணிப்பையில் கட்டிக் கொடுத்தார். ஆபீசே மணத்தது. நானும் ஒரு கை அள்ளித் தின்றுவிட்டு, அரக்கு முத்திரை வைத்து அனுப்பினேன். எங்கள் இருவரில் யார் பெரிய முட்டாள் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

மார்கழிக் கடைசியில் பதில் வந்தது. பருப்பு வறுபட்டிருப்பதால் சோதிக்க முடியவில்லை என்ற முதல் வரியிலேயே முதலாளி கத்த ஆரம்பித்தார். நான் ஓடிப்போய் அக்காவிடம் எரிந்து விழுந்தேன். அவர் அசரவில்லை.

“அவ்ளோ தூரத்து ஊருக்குப் போவுது. பச்சையா கட்டிக் குடுத்தா நம்மள இன்னா நெனப்பாங்க பாப்பா?”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ருசி என்று சொன்னது நான்தானே. தப்பை ஒப்புக்கொள்ளத் திரும்பிப் போனால், முதலாளி இரண்டாம் பக்கத்தைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சோதனைக்குப் பச்சைப் பருப்பு வேண்டுமாம். முதல் பையை அவர்கள் ஆபீசில் எல்லோருமாகத் தின்று தீர்த்துவிட்டார்களாம். அதேபோல் இன்னொன்று கிடைக்குமா என்றும் கேட்டிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தை நம்பி முதலாளி பொங்கலுக்குப் பிறகும் பெண்களை நிறுத்தவில்லை. அடுத்து அனுப்பிய பச்சைப் பருப்பு தேறியது. ஆர்டர் வந்தது, ஒருத்திக்கும் வேலை போகவில்லை. அதன்பின் வருடாவருடம் சாம்பிளோடு ஒரு வறுத்த பையும் போனது. கஸ்டம்ஸ் தாளில் அதற்கு நேராக, விற்பனைக்கு அல்ல, மதிப்பு ஏதுமில்லை என்று அடிக்க வேண்டும்.

“என் பைக்கு இன்னா பாப்பா அடிச்சிக்கினு இருக்கே?” என்றார் அக்கா ஒருமுறை.

உள்ளதைச் சொல்ல மனம் வரவில்லை. உங்கள் பெயரைத்தான் என்றேன். அந்தப் பொய் உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த வருடம், வறுத்தவர் இன்னார் என்று ஒரு சீட்டில் நிஜமாகவே அடித்துப் பைக்குள் போட்டேன். அந்த முறை பதில் கடிதம் அக்காவின் பெயருக்கு வந்தது.