தறிக்கார அக்காவின் செவிட்டுக் காது

விசைத்தறியின் இரைச்சலில் தறிக்கார அக்காவுக்குக் காது என்றோ மந்தமாகிவிட்டது. தறிக்கூடத்தில் உதட்டைப் பார்த்துத்தான் பேச்சே. குசுகுசுப்போ கிசுகிசுப்போ முணுமுணுப்போ, எந்தப் பெயரில் பேசினாலும் உதடு அசைந்தாக வேண்டுமே!

அது தெரியாமல், பால்கடை வரிசையில் அவள் எதிரிலேயே, மருமகனின் பக்கத்து வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தித் தன் தோழியிடம் புரளியை அவிழ்த்துவிட்டாள்.

"இவ மகளைப் புருஷன் துரத்திட்டானாம். நடத்தை சரியில்லையாம்."

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"துரத்தலடி! அடிச்சுக் கையை ஒடிச்சான். நான்தான் போய்க் கூட்டிட்டு வந்தேன்."

பக்கத்து வீட்டுக்காரி ஓரடி பின்னால் நகர்ந்தாள். "உங்களுக்குத்தான் காது கேக்காதேக்கா..."

"எனக்குக் கேக்காது. உனக்குக் கேக்கும்ல? ரெண்டு வீட்டுக்கும் ஒரே சுவரு. அந்தப் பக்கம் என் பொண்ணு அலறினப்ப இந்த வாய் எங்கடி போச்சு?"